வெள்ளிப் பாத்திரத்தில் ஒட்டியிருந்த துண்டுத் துணி: 4,000 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளி மக்கள் நூல் நூற்றதும் சாயம் ஏற்றியதும் எப்படி?

சிந்துவெளி நாகரிகம்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது சுட்ட செங்கல், வடிகால், முத்திரை, பெருங்குளம். அங்கே வாழ்ந்தவர்கள் என்ன உடுத்தினார்கள், அதை எப்படித் தயாரித்தார்கள் என்று கேட்டால் பலரிடமும் பதில் இருக்காது.

காரணம் எளிமையானது. செங்கல் நிற்கும், பானை உடைந்தாலும் ஓடு மிஞ்சும். துணி மட்கிப் போய்விடும்.

ஆனாலும், சில சென்டிமீட்டர் அளவே உள்ள துணுக்குகளும் சில நூல் தடயங்களும் தப்பியிருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் அந்த மக்கள் பருத்தி நூற்றார்கள், தறியில் நெய்தார்கள், சாயம் ஏற்றினார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு சின்ன ஆதாரத்தை வைத்து எப்படி இதைச் சொல்ல முடிகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மட்கிப்போக வேண்டிய துணி எப்படித் தப்பியது?

எகிப்தில் பழைய துணிகள் நிறையக் கிடைக்கின்றன. அங்குள்ள வறண்ட மணலில் நுண்ணுயிரிகள் பெருகாது. டார்கான் என்ற இடத்தில் கிடைத்த ஆளிநார் ஆடை 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. மடிப்போடு, தைத்த கையோடு இன்று லண்டனில் உள்ள பெட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிந்து ஆற்றுப் படுகையின் கதை வேறு. நிலத்தடி ஈரமும் மண்ணில் உள்ள உப்பும் சேர்ந்து துணியை விட்டுவைப்பதில்லை. இன்றைக்கு மொகஞ்சதாரோவின் செங்கல் சுவர்களையே அரித்துக்கொண்டிருப்பது அந்த உப்புதான்.

இப்படிப்பட்ட மண்ணில் துணியைக் காப்பாற்றியது உலோகம். துணி செம்பு அல்லது வெள்ளிப் பொருளோடு ஒட்டிக் கிடந்தால், அந்த உலோகம் துருப்பிடிக்கும்போது வெளியாகும் உப்புகள் நூலுக்குள் ஊறும். இந்த உப்புகள் நுண்ணுயிரிகளுக்கு நஞ்சு. அதனால் துணி மட்குவது தடைபடும். சில இடங்களில் நூல் முழுக்க மறைந்து, அதே வடிவத்தில் உலோக உப்பு உறைந்து நிற்கும். அதாவது நூலின் அச்சு மட்டும் மிஞ்சும்.

தொல்லியலாளர்கள் பச்சைத் துரு படிந்த ஒரு செம்பு மணியைப் பார்த்ததும் கழுவிப் பளபளப்பாக்கிவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். அந்தத் துருவுக்குள் 4,000 ஆண்டு பழைய நூல் இருக்கலாம்.

1920-களில் கிடைத்த அந்தத் துணி

மொகஞ்சதாரோ இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இருக்கிறது. ஜான் மார்ஷல் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே 1920-களில் அகழாய்வு நடத்தியபோது நகைகள் வைத்த ஒரு வெள்ளிப் பாத்திரம் கிடைத்தது. அதன் பக்கவாட்டில் துணித் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

அது என்ன துணி? பார்வைக்குத் தெரியாது. அதனால் பம்பாய் மாட்டுங்காவில் இருந்த இந்திய மத்திய பருத்திக் குழுவின் தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஏ.என். குலாத்தி, ஏ.ஜே. டர்னர் ஆகிய இருவரும் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள்.

கிடைத்த முடிவுகள் இரண்டு. ஒன்று, அது அசல் பருத்தி. இரண்டு, அதில் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. மஞ்சிட்டி வகைச் செடியின் வேரிலிருந்து எடுக்கும் சாயம் அது என்று கண்டார்கள். பின்னால் நடந்த அகழாய்வுகளில் செம்புக் கருவிகளைச் சுற்றியிருந்த பருத்தி நூல்களும் கிடைத்தன.

மொகஞ்சதாரோ நகரம் செழித்திருந்த காலம் சுமார் கி.மு. 2600 முதல் கி.மு. 1900 வரை. ஆக, குறைந்தது 3,900 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சாயமிட்ட பருத்தித் துணி புழக்கத்தில் இருந்தது.

நுண்ணோக்கியில் பார்த்து இது பருத்திதான்னு எப்படிச் சொல்ல முடியும்? ஒவ்வொரு இழைக்கும் ஒரு முகம் உண்டு. பருத்தி இழை சப்பையான நாடா போல, இடையிடையே முறுக்கிக்கொண்டு தெரியும். ஆளிநாரில் மூங்கில் போலக் கணுக்கள் இருக்கும். ஆட்டு ரோமத்தில் செதில்கள் தெரியும். பட்டு, வழவழப்பாக இருக்கும்.

இன்னும் பழைய சான்று: மெஹர்கரின் செம்பு மணி

மொகஞ்சதாரோவுக்கும் பல ஆயிரம் ஆண்டுகள் மூத்த ஊர் மெஹர்கர். பலூசிஸ்தானில் போலன் கணவாய்க்கு அருகே உள்ளது. தெற்காசியாவில் கோதுமை, பார்லி பயிரிட்டு ஆடு மாடு வளர்த்த மிகப் பழைய கிராமங்களில் ஒன்று. பிரெஞ்சுத் தொல்லியலாளர் ழான் பிரான்சுவா ஜாரீஜ் குழுவினர் 1974-ல் இங்கே அகழாய்வைத் தொடங்கினார்கள்.

அங்கே ஒரு கல்லறையில் செம்பு மணிகள் கிடைத்தன. காலம் கி.மு. 6-ம் ஆயிரமாண்டு. ஒரு மணியின் துளைக்குள், மணியைக் கோத்திருந்த நூலின் மிச்சம் துருவோடு உறைந்திருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அது பருத்தி என்று தெரிந்தது. 2002-ல் இந்த முடிவு வெளியானது. பழைய உலகில் இதுவரை அறியப்பட்ட மிகப் பழைய பருத்தி நூல்களில் இது ஒன்று.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பருத்தி நூல் இருந்தது என்றால், பருத்தி பயிரிட்டார்கள் என்று உடனே அர்த்தம் ஆகாது. காட்டில் தானாக வளர்ந்த செடியிலிருந்தும் பஞ்சு பறித்திருக்கலாம். ஆனால் பல நூற்றாண்டுகள் கழித்து சிந்துவெளி நகரங்கள் எழுந்தபோது பருத்தி ஊருக்குள் நன்கு பழகிய பொருளாகிவிட்டது.

இந்தத் துணைக்கண்டத்தில் பழக்கப்படுத்தப்பட்ட பருத்தி இனத்தின் அறிவியல் பெயர் காசிபியம் ஆர்போரியம். நம்ம தென் மாவட்டங்களின் கரிசல் காட்டில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். இன்று இந்தியாவில் பெரும்பாலும் பயிராகும் நீண்ட இழைப் பருத்தி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு இனம்.

பஞ்சு துணியாவது எப்படி?

1. கொட்டை நீக்குவது: பருத்தியைப் பறித்ததும் முதல் வேலை பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிப்பது. பஞ்சு விதையோடு இறுக ஒட்டியிருக்கும். கையால் பிய்த்தால் நாள் முழுக்க வேலை செய்தாலும் ஒரு கூடை தேறுவது கஷ்டம். தட்டையான கல்மீது வைத்து உருளையால் உருட்டிக் கொட்டையை வெளியே தள்ளுவது பழைய உத்திகளில் ஒன்று.

2. பஞ்சைப் பிரிப்பது: கட்டி கட்டியாக இருக்கும் பஞ்சைத் தட்டிப் பொலபொலவென்று ஆக்கி, தூசியை உதறி, சின்னத் திரிகளாக உருட்டிக்கொள்ள வேண்டும்.

3. நூற்பது: திரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து முறுக்கேற்றினால் நூல். இதற்கான கருவி தக்ளி. ஒரு குச்சி, அதன் அடியில் பாரத்துக்கு ஒரு வட்டு. அவ்வளவுதான். சுழற்றிவிட்டால் வட்டின் எடையால் சுழற்சி நீடிக்கும். குச்சி மட்கிவிடும், சுடுமண் வட்டு மட்காது. அதனால்தான் சிந்துவெளி ஊர்களில் தக்ளி வட்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

வட்டின் எடைக்கும் நூலின் தன்மைக்கும் தொடர்பு உண்டு. கனமான வட்டு தடித்த நூலுக்கும் நீளமான இழைக்கும் பொருந்தும். பருத்தி இழை குட்டையானது. கனமான வட்டைத் தொங்கவிட்டால் நூல் அறுந்துபோகும். இலேசான வட்டுதான் சரிப்படும்.

4. நெய்வது: நெடுக ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடும் நூல் ஊடை. இரண்டையும் பின்னும் கருவி தறி. மரத்தால் ஆன தறிகள் மட்கிவிட்டன. ஆனால் நெசவின் அச்சு மிஞ்சியிருக்கிறது. ஈரக் களிமண்ணிலும், பளபளப்பான ஃபயான்ஸ் பாத்திரங்களின் உட்புறத்திலும் துணி பதிந்த தடம் உண்டு. குஜராத்தின் லோத்தலில் கிடைத்த களிமண் முத்திரைப் பதிவுகளின் பின்புறத்தில் துணி, கயிறு, பாய் ஆகியவற்றின் அச்சு இருக்கிறது. சரக்கு மூட்டையைக் கட்டி, முடிச்சின் மேல் களிமண் அப்பி, முத்திரை குத்தியிருக்கிறார்கள். முன்பக்கம் முத்திரை, பின்பக்கம் மூட்டைத் துணி.

ஒரு துணிக்கு எவ்வளவு உழைப்பு? ஒரு சின்னக் கணக்கு

இதை இன்றைய மனக்கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டருக்குப் பாவில் 10 நூல், ஊடையில் 10 நூல் என்று வைத்துக்கொள்வோம். இது சாதாரணத் துணிதான், மெல்லிய துணி இல்லை.

ஒரு மீட்டர் அகலத்துக்கு 1,000 பாவு நூல். ஒரு மீட்டர் நீளத்துக்கு 1,000 ஊடை நூல். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம். மொத்தம் 2,000 மீட்டர். அதாவது ஒரே ஒரு சதுர மீட்டர் துணிக்கு 2 கிலோமீட்டர் நூல் வேண்டும்.

தக்ளியில் கைதேர்ந்த ஒருவர் மணிக்கு 50 மீட்டர் நூற்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், அந்த நூலுக்கு மட்டும் 40 மணி நேரம். இடுப்பில் சுற்றி தோளிலும் போடுகிற அளவுக்கு 3 சதுர மீட்டர் துணி வேண்டும் என்றால் 120 மணி நேரம். பறிப்பது, கொட்டை எடுப்பது, நெய்வது, சாயம் ஏற்றுவது எல்லாம் தனி.

ஒரு வீட்டில் ஐந்து பேர் என்றால் வருஷத்துக்கு ஒரு உடுப்பு கொடுப்பதற்கே யாரோ ஒருவர் கையில் தக்ளி ஓயாமல் சுழன்றிருக்கும். சமைக்கும் இடைவெளியில், ஆடு மேய்க்கும் நேரத்தில், குழந்தையைப் பார்த்துக்கொண்டே நூற்கக்கூடிய வேலை இது. கற்காலம், செம்புக்காலம், இரும்புக்காலம் என்று மட்காத பொருளை வைத்தே நாம் காலத்துக்குப் பேர் வைத்துவிட்டோம். அந்தக் காலங்களின் மனித உழைப்பில் பெரும் பங்கை விழுங்கிய நூலுக்கு அதில் இடமே இல்லை.

சாயம் ஏன் பெரிய விஷயம்?

மஞ்சள் கறை சட்டையில் பட்டால் துவைத்ததும் மங்கிவிடும், வெயில் பட்டால் மறைந்தே போகும். பெரும்பாலான இலை, பூ, வேர்ச் சாறுகள் பருத்தியில் இப்படித்தான். நனைத்தால் நிறம் ஏறும், துவைத்தால் இறங்கும்.

ஆட்டு ரோமமும் பட்டும் புரத இழைகள். அவை சாயத்தை ஓரளவு தாமாகவே பிடித்துக்கொள்ளும். பருத்தி தாவர இழை. அதில் வேர்ச்சாயம் நிற்காது. மஞ்சிட்டிச் சாயம் பருத்தியில் நிற்க, இழைக்கும் சாயத்துக்கும் நடுவில் பாலம் போல ஒரு உலோக உப்பு வேண்டும். இதற்குப் பேர் நிறமூன்றி. நமக்கு நன்றாகத் தெரிந்த நிறமூன்றி படிகாரம்.

வேலை நடக்கும் முறை இதுதான்: முதலில் துணியை நன்றாகத் துவைத்து, பஞ்சில் உள்ள மெழுகையும் எண்ணெயையும் போக்க வேண்டும். பிறகு படிகார நீரில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். அடுத்து, இடித்த வேரைப் போட்ட நீரில் துணியை இட்டு மெல்லச் சூடேற்ற வேண்டும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒருபக்கம் இழையையும், மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். இனி துவைத்தாலும் நிறம் போகாது.

அதே வேர், அதே தண்ணீர். ஆனால் படிகாரத்துக்குப் பதில் இரும்பு உப்பைப் பயன்படுத்தினால் சிவப்பு வராது. ஊதா முதல் கறுப்பு வரை வரும். நிறத்தை முடிவு செய்வது வேர் மட்டும் இல்லை, உப்பும்தான்.

இப்போது அந்த வெள்ளிப் பாத்திரத் துணிக்குத் திரும்பிப் பாருங்கள். பருத்தியில் மஞ்சிட்டி வகைச் சாயம் நிலைத்திருக்கிறது என்றால், அதைச் செய்தவருக்கு நிறமூன்றியின் உபயோகம் தெரிந்திருக்கிறது. அலுமினியம்னு பெயர் தெரியாது, வேதியியல் தெரியாது. ஆனால் எந்த உப்பு, எவ்வளவு, எப்போது, எத்தனை சூடு என்று கை பழகியிருக்கிறது. ஒரே நாளில் தற்செயலாக வரக்கூடிய அறிவு இல்லை இது. யாரோ சோதித்து, கெடுத்து, திருத்தி, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்த அறிவு. அந்தத் துண்டுத் துணி சொல்லும் மிக முக்கியமான செய்தி இதுதான்.

தமிழ்நாட்டின் சாயவேரும் இதே குடும்ப வேதியியல்தான். சோழமண்டலக் கடற்கரை மணலில் வளரும் சாயவேரிலும், மஞ்சிட்டி வகைச் செடிகளிலும் சிவப்பைத் தருவது அலிசரின் போன்ற ஒரே வகைச் சேர்மங்கள். செடி வேறு, காலம் வேறு, ஊர் வேறு. பருத்தியில் சிவப்பை நிறுத்த இரண்டு இடத்திலும் கண்ட வழி ஒன்று.

நீலம் இருந்ததா?

அவுரியில் எடுக்கும் நீலத்துக்கு நிறமூன்றி தேவையில்லை. இலையை நீரில் ஊறவைத்துப் புளிக்கவைக்க வேண்டும். அந்தக் கரைசலில் நனைத்து எடுக்கும்போது துணி பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாக மாறும்.

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் உள்ள ரோஜ்டி என்ற ஹரப்பா கால ஊரில் அவுரிப் பேரினத்தைச் சேர்ந்த விதைகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் விதை கிடைத்தது வேறு, சாயம் ஏற்றியது வேறு. இந்தப் பேரினத்தில் பல செடிகள் களையாகவும் தீவனமாகவும் வளர்பவை. எனவே, சிவப்புக்குத் துணியே சாட்சி. நீலத்துக்கு விதை மட்டும்தான்.

உலகில் இதுவரை உறுதி செய்யப்பட்ட மிகப் பழைய அவுரி நீலத் துணி தென் அமெரிக்காவில் கிடைத்தது. பெரு நாட்டின் ஹுவாக்கா பிரியேட்டா என்ற இடத்தில் கிடைத்த அந்தப் பருத்தித் துணிகளுக்குச் சுமார் 6,000 வயது. 2016-ல் இது வெளியானது.

பட்டும் இருந்தது

பட்டு என்றால் சீனா என்றே நாம் படித்திருக்கிறோம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வு இதில் ஒரு திருத்தம் செய்தது. ஐரீன் குட், ஜோனதன் மார்க் கெனோயர், ரிச்சர்ட் மெடோ ஆகியோர் ஹரப்பாவில் கிடைத்த செம்பு நகைகளிலும், சன்ஹுதாரோவில் கிடைத்த மணிகளிலும் ஒட்டியிருந்த நூலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அது பட்டு. காலம் சுமார் கி.மு. 2450 முதல் கி.மு. 2000 வரை.

ஆனால் அது சீனத்து மல்பெரிப் பட்டு இல்லை. இங்குள்ள காட்டுப் பட்டுப்புழுக்களின் நூல். நம்ம ஊர்ல டஸ்ஸர்னு சொல்கிறோமே, அந்த வகை. புழு நூலைச் சுரக்கும் துளையின் வடிவம் இனத்துக்கு இனம் மாறும். அந்த வடிவம் இழையில் பதிந்திருக்கும். அதை வைத்துத்தான் இனத்தைப் பிரித்தார்கள்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. சன்ஹுதாரோ அகழாய்வு நடந்தது 1935-36-ல். அங்கே கிடைத்த பொருட்களில் ஒரு பகுதி அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அகழாய்வு முடிந்து 70 ஆண்டுகளுக்குப் பிறகுதான் மணிக்குள் இருந்த நூல் பேசியது. யாராவது நடுவில் அதைச் சுத்தம் செய்திருந்தால் பட்டு பற்றிய இந்தச் செய்தியே நமக்குக் கிடைத்திருக்காது.

சமூக வலைதளங்களில் சுற்றும் கேள்விகள்

'பூசாரி அரசன்' சிலையில் இருப்பது அச்சிட்ட துணியா?

மொகஞ்சதாரோவில் கிடைத்த 17.5 சென்டிமீட்டர் உயரச் சிலை அது. இடது தோளை மூடிய மேலாடையில் மூவிலை வடிவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் சிவப்பு நிறத்தின் மிச்சம் இருந்தது. பூ வேலைப்பாடு உள்ள ஆடை அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இது சான்று. ஆனால் அது அச்சா, தையல் வேலையா, ஒட்டுத்துணியா என்று கல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. இன்றைய சிந்து மாகாணத்தின் அஜ்ரக் துணி அதன் நேரடி வாரிசு என்பது அழகான யூகம், நிரூபிக்கப்பட்டது இல்லை. அந்தச் சிலையை 'பூசாரி' என்பதும் 'அரசன்' என்பதும்கூடப் பின்னால் வைத்த பெயர்தான்.

இராட்டை இருந்ததா?

சில துணி அச்சுகளில் நூல் சீராக இருப்பதைப் பார்த்து, சக்கரம் வைத்த கருவி இருந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. இராட்டையோ அதன் பாகமோ எங்கும் கிடைக்கவில்லை. கைதேர்ந்தவர் தக்ளியிலேயே சீரான நூல் எடுக்க முடியும்.

மெசபடோமியாவுக்குத் துணி ஏற்றுமதி ஆனதா?

மெசபடோமியக் களிமண் பலகைகள் 'மெலுஹா' என்ற நாட்டோடு நடந்த வணிகத்தைச் சொல்கின்றன. அது சிந்துவெளிப் பகுதிதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. சிந்துவெளியின் சிவப்புக் கல் மணிகள் அங்கே கிடைத்திருக்கின்றன. துணியும் போயிருக்க வாய்ப்பு உண்டு. மணி மிஞ்சியது, துணி மிஞ்சவில்லை.

இதற்கும் கீழடிக்கும் தொடர்பு உண்டா?

கீழடியிலும் தக்ளி வட்டுகள் கிடைத்துள்ளன. உறையூரிலும் அரிக்கமேட்டிலும் சாயத் தொட்டிகள் என்று அடையாளம் காணப்பட்ட கட்டுமானங்கள் உண்டு. இவை தமிழகத்தின் நெசவுத் தொன்மைக்குச் சான்று. ஆனால் மொகஞ்சதாரோ காலத்துக்கும் இவற்றுக்கும் நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. தக்ளி வட்டு ஒரே மாதிரி இருக்கிறது என்பதை வைத்து மட்டும் இரண்டையும் முடிச்சுப் போட முடியாது. நூல் நூற்கும் எல்லா நாட்டிலும் வட்டு கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும்.

இது ஏன் இன்றைக்கு முக்கியம்?

ஒரு சமூகத்தின் துணி வரலாறு சில மணிகளின் துளைக்குள்ளும், ஒரு பாத்திரத்தின் துருவுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. வயலில் உழும்போதோ, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ பச்சைப் பிடித்த செம்பு கிடைத்தால் புளி போட்டுத் தேய்ப்பதுதான் நம்மில் பலருக்கும் முதலில் தோன்றும். அப்படித் தேய்த்தால் செம்பு பளபளக்கும், உள்ளே இருந்த நூல் போய்விடும்.

அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், மண்ணோடு அப்படியே விட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ தகவல் சொல்லுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த வெள்ளிப் பாத்திரத்தையும் யாரோ ஒருவர் தேய்க்காமல் வைத்தார். அதனால்தான் அந்தச் சாயக்காரரின் கைவேலையைப் பற்றி இன்று நம்மால் பேச முடிகிறது.